பொதுச்சுவரும் தனிக்கடப்பும்: இரட்டை வீடுகளின் புறத்தோற்றம் குறித்த ஒரு சமூகவரலாற்று நோக்கு

வீட்டின் புறத்தோற்றம் கட்டடக் கலைஞரும் மேசன்மாரும் பேசவேண்டிய பொருள் என்றும், இலக்கிய வரலாறு பயின்றோர்க்கு அதில் வேலையில்லை என்றும் எண்ணுவோர் உளர். எமது இலக்கியத்தின் மிகப் பழைய பகுதியே அவ்வெண்ணத்துக்கு இடந்தருவதாயில்லை. உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் ஆற்றுப்படுத்தப்படும் பாணன் வழிநெடுகக் காணவிருப்பவை வீடுகளே. எயினர் குடில் ஈந்தின் இலையால் வேயப்பட்டது. உழவர் மனையில் நெற்கூடுகள் உயர்ந்து நிற்பன. வலைஞர் குடியிருப்புக்கு வேறொரு கூரை, வேறொரு முற்றம். உள்ளே வாழ்வோர் வேட்டையால் பிழைப்பவரா, ஏரால் பிழைப்பவரா, வலையால் பிழைப்பவரா என்பதை வெளியே நின்றே அறிந்துகொள்ள முடிகிறது. நக்கீரரின் நெடுநல்வாடையிலோ நூலறிந்தோர் நிழலை நோக்கித் திசை தேர்ந்து, கயிறிட்டு அளந்து எழுப்பிய அரண்மனையைக் காண்கிறோம். குடிலுக்கு ஓலையும் அரண்மனைக்கு நூலும் என்ற இவ்வேறுபாட்டைப் பதிவு செய்த புலவர்கள் அதனை ஒரு கோட்பாடாகச் சொல்லவில்லை. ஆயினும் உழைப்பும் உடைமையும் வீட்டின் வெளிப்புறத்திலே தெரிவன என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது இதன் ஒரு சிறு கூறு. ஒரே கூரையின் கீழ், அல்லது ஒரே சுவரின் இருமருங்கும், இரு குடும்பங்கள் வாழுமாறு கட்டப்படும் வீட்டின் புறத்தோற்றம் எதனால் தீர்மானிக்கப்படுகிறது? இரண்டு வாயில்களும் தெருவைப் பார்க்க வேண்டுமா? விறாந்தை பொதுவா தனியா? இரு கூரைகளும் கூடும் இடத்தில் ஒழுக்கு ஏற்பட்டால் ஏணி வைப்பவர் யார்? இவை அழகியல் வினாக்கள் போலத் தோன்றினும், சுவர் யாருடையது என்னும் வினாவின் வேறு வடிவங்களே என்பது எமது கருத்து. இதனை மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் அமைந்துள்ள குருக்கள்மடத்தையும் அதன் அயலூர்களையும் மனத்திற்கொண்டு ஆராய முற்படுகிறோம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெரு. வாவிக்கு அப்பால் அம்பிளாந்துறையும் படுவான்கரையின் வயல்களும். ஊரின் பெயரிலேயே ஒரு கட்டடம் உண்டு. மடம் என்பது எவருக்கும் தனியுடைமையாகாத, வழிப்போக்கரும் தங்கக்கூடிய வீடு. வீட்டுரிமை பற்றிப் பேச இப்பெயர் பொருத்தமானதே.

முதலில் ஈழத்தில் வீட்டின் வெளிப்புறம் எவ்வளவு வெளிப்படையாக அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தது என்பதற்கு ஒரு சான்று. 1660 இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைவாழ்வு வாழ்ந்து, 1679 இல் தப்பிய றொபேட் நொக்ஸ் தமது நூலை 1681 இல் வெளியிட்டார். பொதுமக்கள் தம் வீட்டை ஒரு மாடிக்கு மேல் உயர்த்தலாகாது, ஓடு வேயலாகாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசலாகாது என்று அங்கு தடை இருந்ததை அவர் குறிப்பிடுகிறார். சுண்ணாம்பு போன்றே வெண்மையான களிமண் ஒன்றை மக்கள் சிலவேளை பூசிக்கொண்டனர் என்றும் எழுதுகிறார். இந்தக் களிமண் எமக்கு முக்கியமானது. வெண்மை தடுக்கப்படவில்லை, சுண்ணாம்பே தடுக்கப்பட்டது. சட்டத்தின் சொல்லை மீறாது அதன் நோக்கத்தை மீறிய அக்கை ஒரு குடியானவனின் கை, பெரும்பாலும் ஒரு குடியானவப் பெண்ணின் கை. முகப்பு என்பது ஆள்வோர் மட்டும் எழுதும் ஏடு அன்று.

இனி இரட்டை வீட்டின் ஐரோப்பியப் பிறப்பைச் சிறிது நோக்குதல் தகும். ஏனெனில் இன்று எமது ஊர்களில் படப்புத்தகங்களைப் புரட்டி மேசனிடம் காட்டப்படும் இரட்டை வீட்டின் மாதிரி அங்கிருந்து வந்தது. தோட்டக்கலை எழுத்தாளர் லௌடன் 1820களின் நடுப்பகுதியில் இலண்டனின் போர்செஸ்டர் ரெறஸ் என்னும் தெருவில் இரு வீடுகளை ஒட்டிக் கட்டினார். ஒன்றில் தாமே வாழ்ந்தார். இரண்டுக்கும் நடுவே கண்ணாடிக் குவிமாடத்தோடு கூடிய முன்பகுதியை அமைத்து, தெருவிலிருந்து பார்ப்போர்க்கு ஒரே பெரிய மாளிகை போலத் தோன்றச் செய்தார். வாயில்கள் பக்கவாட்டில் ஒதுங்கின. நடுத்தர வர்க்கத்தின் இரு குடும்பங்கள் ஒரு கனவானின் வீட்டுத் தோற்றத்தைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. பின்னர் இங்கிலாந்தின் புறநகர்களை நிரப்பிய ஆயிரக்கணக்கான இரட்டை வீடுகளின் அடிப்படை இந்தத் தந்திரமே. இரண்டை ஒன்றாகக் காட்டுதல் அங்கு அழகு எனப்பட்டது.

தொழிலாளர்க்கு வந்த இரட்டை வீடு வேறு. முதுகோடு முதுகு ஒட்டி, பின்வாசலோ பின்சாளரமோ இன்றி, ஒரு சுவர்ச் செலவை மிச்சம்பிடித்துக் கட்டப்பட்ட வரிசைகள் அவை. ஏங்கெல்ஸ் 1845 இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய நூலில் மன்செஸ்டரைக் குறித்து ஒரு நுட்பமான அவதானத்தைச் செய்கிறார். பெருந்தெருக்களின் இருமருங்கும் தொடர்ந்து நின்ற கடைகள், செல்வர் தம் மாளிகைக்கும் அலுவலகத்துக்குமிடையே பயணஞ்செய்யும்போது பின்னாலுள்ள சேரிகளைக் காணாதபடி மறைத்து நின்றன என்பதே அது. ஒரு நகரமே முகப்பாகிவிட்டது. முதுகொட்டிய வீடுகளைப் புதிதாகக் கட்டுவது 1909 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரித்தானியாவில் தடைசெய்யப்பட்டது. லீட்ஸ் நகரம் அதற்குப் பின்னும், முன்பே பெற்ற அனுமதிகளைக் காட்டி, 1930கள் வரை கட்டிக்கொண்டுதான் இருந்தது. 1853 இல் தொடங்கப்பட்ட முல்ஹவுஸ் தொழிலாளர் குடியிருப்போ நான்கு வீடுகளை ஒரே கட்டடமாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலையும் சிறு தோட்டமும் கொடுத்தது. தவணைமுறையில் தொழிலாளி அதனை வாங்கலாம். 1872 இல் எழுதத் தொடங்கிய வீட்டுப் பிரச்சினை குறித்த கட்டுரைகளில் ஏங்கெல்ஸ் இதனை ஐயத்தோடு நோக்கியமை தெரிந்ததே. தவணையில் வாங்கிய வீடு தொழிலாளியை அந்த ஆலைக்கே கட்டிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். வாதம் சரியானதே. ஆயினும் பெண்ணின் பெயரில் வீடு இருக்கும் சமுதாயம் ஒன்றை அவர் அக்கட்டுரைகளில் எண்ணிப் பார்க்கவில்லை. அதற்கு நாம் பின்னர் வருவோம்.

இந்த முதுகொட்டிய வீடு ஈழத்துக்குக் கப்பலேறி வந்தபோது அதற்கு லயன் என்று பெயர். கோப்பித் தோட்டத்திலும் பின்னர் தேயிலைத் தோட்டத்திலும் 10 அடிக்கு 12 அடி அளவான அறைகள் வரிசையாக, பல இடங்களில் இரு வரிசைகள் முதுகொட்டியவாறு எழுந்தன. முன்னே ஒடுங்கிய விறாந்தை ஒன்றே. அதுவே சமையலறை, அதுவே மழைநாளில் படுக்கை, அதுவே கங்காணி நடந்து ஆளெண்ணும் பாதை. லயனின் புறத்தோற்றத்தைக் கூர்ந்து நோக்கினால், அங்கு எந்த வாயிலும் மற்றொன்றிலிருந்து வேறுபடாமை தெரியும். வேறுபாடின்மை ஏழ்மையின் விளைவு மட்டுமன்று. எண்ணுவதற்கு வசதியான ஒழுங்கும் அதுவே. சுவரின் இரு பக்கமும் தோட்டத்துரைக்கே உரியதாகையால், பொதுச்சுவர் எவருடையது என்ற வினாவே அங்கு எழவில்லை. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகிய பின்னரும், பிற்காலத்தில் இரு குடும்பங்களுக்கு ஒன்றாக இரட்டை வீடுகள் கட்டப்பட்டபோதும், அறைகள் கூடினவேயன்றி நிலவுரிமை கிட்டவில்லை. 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடிய பின்னரே 7 பேர்ச் காணியில் தனிவீடு என்னும் கோரிக்கை அரசின் கொள்கையாகப் பேசப்படலாயிற்று. இப்பகுதியை விரிக்காது செல்கிறோம். மலையக ஆய்வாளர் இதனைச் செவ்வனே எழுதியுள்ளனர். மட்டக்களப்போடு ஒப்புநோக்குதற்காகவே இங்கு தொட்டுக்காட்டினோம்.

மட்டக்களப்பு நிலை முற்றிலும் வேறானது. இங்கு குடி தாய்வழியாகச் செல்கிறது. மணமகன் மணமகளின் வளவுக்குச் சென்று வாழ்கிறான். மூத்த மகளுக்கு மணம் முடியும்போது, குடும்பம் அதுவரை வாழ்ந்த வீட்டையே அவளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, பெற்றோர் ஏனைய பிள்ளைகளுடன் அதே வளவிலோ அடுத்த வளவிலோ புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு பெயர்வது மரபு. இரண்டாம் மகளின் மணத்தின்போது அதுவும் கைமாறும். கடைசி மகளோடு பெற்றோர் தங்குவர். நூர் யல்மன் 1967 இல் வெளியிட்ட நூலிலும், டெனிஸ் மக்கில்வ்றே அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்து 2008 இல் வெளியிட்ட பெருநூலிலும் இவ்வழக்காறு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் இது பொது என்பது அழுத்திச் சொல்ல வேண்டியது.

இதன் கட்டட விளைவு யாது? ஒரு வளவில் அக்காவின் வீடும் தங்கையின் வீடும் அருகருகே நிற்கும். சில வேளை ஒன்றின் தாழ்வாரம் மற்றொன்றின் தாழ்வாரத்தைத் தொடும். ஐரோப்பியர் பொதுச்சுவரால் ஒட்டியதை இவர்கள் முற்றத்தால் ஒட்டினர் எனலாம். கிணறு ஒன்று, முருங்கை ஒன்று, வெளிவேலி ஒன்று. குசினிகள் இரண்டு, இது தவறாத விதி. ஓருலை இரண்டு உலையாவதே குடும்பம் வேறாவதன் அடையாளம். வெளியே தெருவுக்குத் திறக்கும் கடப்பு ஆரம்பத்தில் ஒன்றாகவே இருக்கும். பின்னர் எப்போது இரண்டாவது கடப்பு வெட்டப்படுகிறது என்பதைக் கவனிப்போர் அக்குடும்பத்தின் வரலாற்றையே படித்துவிடலாம்: மருமகன்மாருக்கிடையே ஒரு மனஸ்தாபம், அல்லது ஒருவருக்கு உத்தியோகம் கிடைத்து வீதியோரம் மதில் எழுப்பும் வசதி, அல்லது ஒரு மரணம். இவ்வீடுகள் இரண்டை ஒன்றாகக் காட்டுவதில்லை. லயன் போல இரண்டையும் ஒன்றுபோலாக்குவதுமில்லை. மூத்தவளின் வீடு கல்வீடாகவும் இளையவளின் வீடு கிடுகு வேய்ந்ததாகவும், அல்லது காலம் மாறியதும் நேர்மாறாகவும், அந்தந்த மணம் நடந்த ஆண்டின் பொருளாதார நிலையைக் கூரையிலே சுமந்து நிற்கும்.

இதனை நாம் இலட்சியப்படுத்த முற்படவில்லை. தாய்வழி என்பது தாயாட்சி அன்று. கோயிலின் வண்ணக்கர் ஆண்களே; வயல் விளைச்சலின் கணக்கும் பெரும்பாலும் ஆண்களின் கையிலேயே இருந்துவந்துள்ளது. கிழக்கின் பெண் தலைமைக் குடும்பங்களை ஆராய்ந்து 2006 இல் நூல் வெளியிட்ட காஞ்சனா ருவன்புர, தாய்வழிச் சமூகத்துள்ளேயே ஆணாதிக்கம் நிலவுவதைத் தம் நூலின் தலைப்பிலேயே சுட்டியுள்ளார். சீதன வீட்டுக்காகத் தந்தையும், தமது மணத்தைத் தள்ளிப்போட்டு அண்ணன் தம்பிமாரும் சிந்திய உழைப்புக்கு எந்த உறுதியிலும் கணக்கில்லை. காணியற்றோர்க்கு இம்மரபு ஒரு சுமையே. ஆயினும், கணவன் கைவிட்டாலும் இறந்தாலும் கூரை அவளுடையது என்ற நிலையும், சகோதரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள் என்ற நிலையும், யாழ்ப்பாணத்துத் தேசவழமையோ பொதுச்சட்டமோ இவ்வளவு எளிதில் தந்துவிடாத பாதுகாப்பு.

சட்டம் இதற்கு எதிர்த்திசையிலேயே நடந்தது. பிறிற்றோ முக்குவர் சட்டம் பற்றிய சிறுநூலை அச்சிட்ட அதே 1876 ஆம் ஆண்டில், திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. வட மாகாணத் தமிழரும் கண்டியரும் முஸ்லிம்களும் அதிலிருந்து விலக்களிக்கப்பட்டனர். மட்டக்களப்பு முக்குவர்க்கு அவ்விலக்கு இல்லை. முதுசம் மருமக்கள்வழிச் செல்லும் பழைய விதி இதனோடு சட்டத் தகுதி இழந்தது. ஒரு வழக்காறு அச்சேறிய ஆண்டே அதன் இறப்பாண்டும் ஆகியமை காலனித்துவ அறிவின் இயல்பை எடுத்துக்காட்டுகிறது. ஆனால் மக்கள் சும்மா இருக்கவில்லை. இறந்தபின் செல்லவேண்டியதை உயிரோடிருக்கும்போதே மகளுக்கு எழுதிக்கொடுக்கும் சீதன உறுதி மேலும் வலுப்பெற்றது. நொக்ஸ் கண்ட வெண்களிமண்ணை இவ்விடத்து நினைவுகூர்கிறோம்.

நிலம் குறைந்தபோது வீடு மேலெழுந்தது. காத்தான்குடி, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய நெருக்கமான முஸ்லிம் ஊர்களில் அடுத்த மகளுக்கு அயலில் வளவு கிடைப்பதில்லை. ஆகவே அக்காவுக்குக் கீழ்வீடும் தங்கைக்கு மேல்வீடும் என்னும் அமைப்பு உருவாகிறது. இங்கு புறத்தோற்றத்தின் உயிர்நாடி மாடிப்படி. படி வீட்டுக்குள்ளே இருந்தால் அது ஒரு வீடு. வெளியே இருந்தால் இரண்டு. வெளிப்படி அழகைக் கெடுக்கிறது என்று வரைபடக்காரர் முறையிடுவர். ஆனால் அப்படிக்கட்டே தங்கையின் கடப்பு. அதனை உள்ளே தள்ளினால் மேல்வீட்டுக்காரி ஒவ்வொரு நாளும் அக்காவின் மண்டபத்தினூடாக நடக்க வேண்டியவளாவாள்.

ஒரே வழக்காற்றைப் பகிரும் இரு சமூகங்கள் பற்றிப் பேசும்போது, குருக்கள்மடம் என்னும் பெயர் இன்று வேறொன்றையும் நினைவூட்டுவதை மறைத்தல் நேர்மையாகாது. 1990 ஜூலையில் இப்பெருந்தெருவால் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் விடுதலைப் புலிகளால் இங்கு மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களும் தம் மனைவியரின் வீடுகளுக்கே போய்க்கொண்டிருந்தனர்.

வீட்டின் தோற்றத்தை மாற்றிய நிகழ்ச்சிகளுள் முதலில் கூறவேண்டியது 1978 நவம்பர் 23 ஆம் நாளைய சூறாவளி. கிடுகும் வைக்கோலும் ஓடும் ஒருங்கே பறந்தன. தென்னைகள் வீழ்ந்ததால் புதிய கிடுகுக்கும் வழியில்லாது போயிற்று. அதன்பின் தகரமும் அஸ்பெஸ்டஸ் தகடும் எழுவான்கரையில் பெருகின. கூரையின் சாய்வு குறைந்தது, தாழ்வாரம் சுருங்கியது, வெயில் சுவரில் நேரே விழலாயிற்று. அதே பத்தாண்டின் பிற்பகுதியிலிருந்து பெண்கள் வீட்டுப் பணியாளராக மத்திய கிழக்குக்குச் செல்லத் தொடங்கினர். தன் மகளின் சீதன வீட்டைத் தானே கட்டுவதற்காகத் தாய் கடல்கடந்தாள். இவ்வீடுகளை இன்று தெருவோரத்தில் எளிதில் இனங்காணலாம்: முன்புறத்தில் வரித்தூண்கள், வளைவு, பளபளக்கும் தள ஓடு, கூரையை மறைக்கும் கைபிடிச்சுவர், பக்கத்தே சென்று பார்த்தால் பூச்சுக் காணாத சீமெந்துக் கற்கள். ஏங்கெல்ஸ் கண்ட மன்செஸ்டரை இதனோடு ஒப்பிடுதல் எளிது. எமது நண்பர் சிலர் அவ்வாறு ஒப்பிட்டு நகைத்ததும் உண்டு. நாம் அந்நகைப்பிற் கலந்துகொள்ள மறுக்கிறோம். மன்செஸ்டரின் முகப்பு பிறர் வறுமையை மறைத்தது. இம்முகப்பு, பிறர் வீட்டுத் தரையைத் துடைத்துப் பெற்ற கூலி எவ்வளவு தூரம் வந்தது, எவ்விடத்தில் முடிந்துபோயிற்று என்பதைக் காட்டிக்கொண்டே நிற்கிறது.

2004 டிசம்பர் 26 ஆம் நாளைய கடற்பேரலைக்குப் பின் வந்த வீடமைப்பே இவ்வமைப்புக்கு நேர்ந்த பெருஞ் சோதனை. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக்கட்டலாகாது என்று முதலில் விதிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. கொடையாளர் கட்டும் வீட்டுக்கு 500 சதுர அடி என்பது அளவாயிற்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்பத் தலைவர், தலைவர் என்றால் ஆண் என்னும் கணக்கில் படிவங்கள் நிரப்பப்பட்டன. மனைவியின் சீதன வளவில் குடியேறியிருந்த கணவன், அவ்வளவைக் கடல் கொண்டதும், புதிய வீட்டின் உரிமையாளனாக எழுதப்பட்டான். மூன்று தலைமுறையாகப் பெண்வழி வந்த உடைமை ஒரு விண்ணப்பப் படிவத்தின் ஒரு கட்டத்தில் கைமாறிற்று. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் கூட்டுரிமையைக் கோரின. மக்கில்வ்றேயும் பற்றீசியா லோறன்ஸும் 2010 இல் வெளிவந்த தொகுதியொன்றில் எழுதிய கட்டுரை, மீள்குடியேறியோர் அரசு தந்த வீட்டை மெல்ல மெல்ல மகளின் சீதனமாகத் திருப்பிக்கொண்டமையை விவரிக்கிறது. மரபு இறந்துவிடவில்லை, ஆனால் சட்டத்தின் உதவியின்றி நடக்க வேண்டியதாயிற்று.

உரிமைப் பத்திரத்தில் நிகழ்ந்தது கட்டடத்திலும் நிகழ்ந்தது. புதிய குடியிருப்புகளில் வீடுகள் வரிசையாக நின்று தெருவைப் பார்த்தன. நாற்புறமும் சிறிது வெளிவிட்டு நடுவே வீட்டை வைத்ததால், எப்பக்கத்திலும் இன்னொரு வீட்டுக்கு இடமில்லை. காணி சிறிதென்பது மட்டுமன்று குறை. உள்ள காணி பயனில்லாத நான்கு கீற்றுகளாக உடைந்தது. மட்டக்களப்பு மேசன் வீட்டை வளவின் ஒரு பக்கம் ஒதுக்கியே அத்திவாரம் வெட்டுவான். மற்றப் பக்கம் இன்னும் பிறவாத மகளுடையது. 2012 இல் பெருமளவில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டம் 550,000 ரூபாவைத் தவணைகளாகக் கொடுத்துப் பயனாளரையே கட்டவிட்டமையால், இவ்விடயத்தில் ஓரளவு நெகிழ்ச்சி இருந்தது. சொந்தக் காணியில் கட்டியோர் தம் விருப்பப்படி வீட்டை ஒதுக்கிவைக்க முடிந்தது.

அரச காணியில் வாழ்வோர் நிலை இதிலும் சிக்கலானது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அளிக்கப்பட்ட காணி துண்டாடப்படாது ஒருவருக்கே செல்ல வேண்டும். பின்னுரித்தாளர் பெயரிடப்படாதவிடத்து அதன் மூன்றாம் அட்டவணை பெண்மக்களைவிட ஆண்மக்களை முற்படுத்திற்று. இந்தப் பாற்பாகுபாடு 2022 ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீக்கப்பட்டது. ஆயினும் ஏற்கெனவே மகன் பெயருக்குச் சென்றவை மீண்டுவரவில்லை. இரண்டு சகோதரிகள் ஓர் அரச காணியில் இரட்டை வீடு கட்டி, நடுவே பொதுச்சுவர் எழுப்பி, இருவருமே சம உரிமையாளர் என்று எழுதிக்கொள்ள இன்றும் நேரான வழி இல்லை. சுவரின் ஒரு பக்கம் உரித்து, மறுபக்கம் தயவு என்ற நிலை நீடிக்கிறது.

எனவே, இன்று எழுவான்கரையில் காணி சிறுத்துவரும் நிலையில், முற்றத்தால் ஒட்டிய இரு வீடுகள் சுவரால் ஒட்டும் இரு வீடுகளாக மாறுவது தவிர்க்கவியலாதது. அவ்வாறாயின் அவற்றின் புறத்தை எவ்வாறு அமைப்பது என்பதில் எமக்கும் சில கருத்துகள் உண்டு. கட்டடக்கலைஞர் இவற்றைப் பொறுத்துக்கொள்வாராக.

இரு வாயில்களையும் ஒரே வளைவின் கீழ் கொணர்ந்து ஒரே மாளிகையாகக் காட்டும் லௌடனின் முறை எமக்கு ஒவ்வாது. அதனை இங்கு பின்பற்றிய வீடுகளில், ஒருத்தி தன் பாதிக்கு நிறம் பூச மற்றவளிடம் பணமில்லாத ஆண்டில், நடுத்தூணின் ஒரு பாதி நீலமும் மறுபாதி பாசியுமாக நிற்பதைக் காணலாம். ஒற்றுமையைக் காட்டுதற்கென்று வகுத்த முகப்பு வேற்றுமையை இரட்டிப்பாக்குகிறது. அதைவிட இரு பாதிகளையும் முன்பின்னாகச் சிறிது விலக்கி, இடையில் நிழல் விழும் ஒரு மடிப்பை விட்டால், ஒவ்வொருத்தியும் தன் வசதிக்கேற்பத் தன் பங்கைப் பூசலாம், பின்னர் நீட்டலாம். விறாந்தை இரண்டாக இருக்கட்டும். ஆனால் அவற்றுக்கிடையே ஆளுயரச் சுவர் வேண்டியதில்லை. இருந்து பேசக்கூடிய உயரத்தில் ஒரு திண்ணை போதும். வெற்றிலைத் தட்டு அதன் மேலாகக் கைமாற வேண்டும்.

கூரை பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும், ஏனெனில் சண்டை அங்கிருந்தே தொடங்குகிறது. இரு கூரைகளும் பொதுச்சுவரை நோக்கிச் சாய்ந்து நடுவே ஒரு பீலியில் நீரைக் கொட்டுமாறு அமைப்பது செலவு குறைந்ததென்று கொந்தராத்துக்காரர் கூறுவர். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை பெய்யும் இக்கரையில் அப்பீலி தென்னம்பாளையாலும் இலைகுழையாலும் அடைபடும். நீர் பொதுச்சுவரினுள் இறங்கும். இரு வீட்டிலும் ஒரே இடத்தில் ஈரம் கசியும். பழுதுபார்க்கும் பொறுப்பு எவருடையதும் ஆகாது. முகடு பொதுச்சுவரின் மேல் அமைந்து, நீர் இருபுறமும் வெளிநோக்கி அவரவர் வளவில் விழுவதே நன்று. தாழ்வாரம் மூன்றடியேனும் நீளட்டும். மேற்குச் சுவரைக் கச்சான் காற்றின் வெப்பம் தாக்கும் மாதங்களில் அந்த மூன்றடி நிழல் எந்த அலங்கார ஓட்டையும் விடப் பயன்படும். எனவே மேற்குப் பக்கத்துப் பாதியை யாருக்குக் கொடுப்பது என்பதும் ஒரு பங்கீட்டு வினாவே. வாவிப் பக்கத்தவளுக்கு ஒரு மரம் கூடுதலாக வேண்டும்.

குசினிகள் இரண்டும் பொதுச்சுவரில் ஒட்டலாகாது என்று பெண்கள் கூறுவர். புகை, ஓசை, என்ன கறி என்னும் செய்தி ஆகிய மூன்றும் சுவரைக் கடப்பன. ஆனால் பின்புறத்தே இரு குசினி வாசல்களும் ஒன்றையொன்று பார்க்குமாறு அமைவதை அவர்களே விரும்புவர். இதில் முரண்பாடு எதுவுமில்லை. முன்வாசல் மருமகன்மாருக்கும் விருந்தினருக்கும் உரியது. சகோதரிகளின் போக்குவரத்து பின்வாசலால் நடப்பது. இரட்டை வீட்டின் உண்மையான முகப்பு அதன் பின்புறமே என்று கூறினும் பிழையாகாது. படப்புத்தகங்களிலோ பின்புறத்துக்குப் படமே இராது.

கிணறு பற்றி ஒரு சொல். பொதுச்சுவருக்கு நேரே, இரு பங்கின் எல்லைக்கோட்டில் கிணறு அமையுமாயின் இருவருக்கும் அணுகலாம்; ஆனால் பிரசித்த நொத்தாரிசு உறுதி எழுதும்போது எல்லையைக் கிணற்றின் நடுவால் இழுப்பதோடு நின்றுவிடுகிறார். இருவருக்கும் நீர் அள்ளும் உரிமையும், அதற்குச் செல்லும் பாதையும், வேலி வருங்காலத்தில் அவ்விடத்தை அடைக்கலாகாது என்பதும் தனித்தனியே எழுதப்படல் வேண்டும். பெற்றோரின் சீவிய உரித்து எந்தப் பாதியில் என்பதும் அவ்வாறே. பின்விறாந்தையில் படுக்கும் தாயின் பெயர் எந்த உறுதியிலும் இல்லாதிருந்த வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். சுவர் எழும்பியபோது அவள் எப்பக்கம் அகப்பட்டாளோ அப்பக்கமே அவளுக்கு வீடாயிற்று.